முதல் அத்தியாயத்தில் நிற்கும் குதிரை

தாம்பரம் ரயில் நிலையத்தில் அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர் உங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டே ரெக்ஸின் பையின் ஜிப்பைத் திறக்கிறார் என்றால், உள்ளேயிருந்து வரப்போவது இரண்டில் ஒன்றுதான். இன்ஷூரன்ஸ் பாரம், அல்லது சரித்திர நாவல். இன்ஷூரன்ஸ் என்றால் பயப்பட வேண்டாம், ஒரு கையெழுத்தோடு விட்டுவிடுவார். நாவல் என்றால் அடுத்து வரும் வண்டி கடற்கரைக்குப் போகிறதா செங்கல்பட்டுக்குப் போகிறதா என்றெல்லாம் பார்க்காமல் ஏறிவிடுங்கள்.

சரித்திர நாவலை எழுதி முடித்தவரை நான் சொல்லவில்லை. அவர் சாது. ஒரு பிரதி வாங்கினால் போய்விடுவார். நான் சொல்வது, எழுதிக்கொண்டிருப்பவரை. இந்த இனத்துக்கு எழுதுவதைவிட எழுதிக்கொண்டிருப்பதைப் படித்துக் காட்டுவதுதான் உயிர்மூச்சு. பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவருக்கு, கல்யாணப் பந்தியில் இலையை விட்டு எழுந்திருக்க முடியாதவருக்கு, கேஸ் சிலிண்டருக்காக வரிசையில் நிற்பவருக்கு, அதாவது காது இருந்தும் கால் இல்லாத நிலைமையில் யார் சிக்கினாலும் அவருக்கு, ஓர் அத்தியாயம் நிச்சயம்.

மேற்குத் தாம்பரம் பூவராகனை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் சாவித்ரி என்ற மனைவி. பையில் 'நீர்மலை ஒற்றன்' என்ற பல்லவர் காலத்து நாவலின் முதல் அத்தியாயம். காரிருள் கவிந்த வேளையில், திருநீர்மலை அடிவாரத்தில், இளவெழிலன் என்ற வீரன் வெண்புரவியில் வந்து நிற்கிறான். ஒரு பாறை மெல்ல விலகுகிறது. சுரங்கத்திலிருந்து முகத்தை மூடிய ஓர் உருவம் வெளியே வருகிறது. 'யார் அந்த உருவம்?' என்ற கேள்வியோடு அத்தியாயம் முடிகிறது.

முடிந்து ஐந்து வருஷம் ஆகிறது. உருவம் வெளியே வந்த கோலத்தில் அப்படியே நிற்கிறது. குதிரையும் நிற்கிறது.

பூவராகன் சும்மா இருந்தார் என்று சொன்னால் பாவம். குதிரையை வெள்ளையாக்கினார், இருட்டில் வெள்ளைக் குதிரை பளிச்சென்று தெரியுமே என்று ஒருவர் சொன்னதும் கறுப்பாக்கினார், கறுப்புக் குதிரை அபசகுனம் என்று பல் டாக்டர் சொன்னதும் பழுப்பாக்கினார், பழுப்பில் கம்பீரம் இல்லை என்று தமக்கே தோன்றி மறுபடியும் வெள்ளையாக்கி, அது தெரிவதற்காக அமாவாசையைப் பௌர்ணமி ஆக்கினார். நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று திருநீர்மலைக்கே ஏறிப் போய், புளியோதரை சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். படைப்பு என்றால் சும்மாவா?

"உங்க குதிரைக்கு இன்னிக்காவது புல்லு போட்டீங்களா?" என்பாள் சாவித்ரி, காபியை வைத்துவிட்டு.

"கலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அது அஞ்சு வருஷமா பட்டினியா நிக்குதேன்னு கேட்டேன்."

பூவராகனோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் தயாளனுக்கு வீடு கிழக்குத் தாம்பரத்தில். ஆனால் மாலை ரயிலில் அவர் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, சானடோரியத்தில் இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே போவார். "சுகருக்கு நடை நல்லதாம்" என்பார். அவருக்குச் சுகர் இல்லை.

இந்த இனம் தனியாகவும் திரியும், கூட்டமாகவும் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலகுரு என்பவரின் டுடோரியலில் கூடுவார்கள். கரும்பலகையில் முந்தின நாள் அல்ஜீப்ரா அழிக்காமல் இருக்கும். பாலகுரு சோழர் காலம். அவருடைய போர்க்கப்பல் நாகப்பட்டினத்தில் இன்னும் நங்கூரம் எடுக்கவில்லை. குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ரத்தினபாய் பாண்டியர் காலம். அவருடைய அரசி மூன்று தீபாவளிகளாகக் கூந்தலை ஆற்றிக்கொண்டிருக்கிறாள். ஒருவர் வம்சத்தில் மற்றவர் கால் வைக்கக் கூடாது என்பது வாய்மொழி ஒப்பந்தம்.

இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீ என் கப்பலைப் புகழ், நான் உன் குதிரையைப் புகழ்கிறேன். 'அபாரம்' என்றால் கேட்டேன் என்று பொருள். 'கண் முன்னால நடக்கிற மாதிரி இருக்கு' என்றால் கேட்கவில்லை என்று பொருள். ஒரு ஞாயிறு, கப்பல் துறைமுகத்தில் இருக்கும்போது ரத்தினபாய் கொட்டாவி விட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு அரசியின் கூந்தலைப் பற்றிப் பாலகுரு, "பரவாயில்லை" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு ரத்தினபாய் ஒரு மாதம் வரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை வருஷத்தில் யாரும் யாரையும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டதில்லை. பூவராகனுக்கு ராத்திரி பகலாக இருந்த ஆசையே அந்த ஒரு கேள்விதான். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், மூச்சை அடக்கிக்கொண்டு, "யார் சார் அந்த உருவம்?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மட்டும் அவர் யோசித்ததில்லை.

ஒரு மார்கழி ஞாயிறு அது நடந்தேவிட்டது.

கேட்டவர் சவுரிமுத்து. மார்க்கெட் பக்கம் சின்ன அச்சகம் வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் பிட் நோட்டீசும் அடிப்பவர். பொங்கலுக்குள் வட்டாரத்துக்கென்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்குவதாகவும், அதில் ஒரே ஒரு சரித்திரத் தொடர் போட இடம் இருப்பதாகவும் சொல்லிக்கொண்டு டுடோரியல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் சாகுபடி காலத்து விவசாயி வானத்தைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்கள். கப்பல் கேட்டார். கூந்தல் கேட்டார். கடைசியில் குதிரை வந்தது, பாறை விலகியது, உருவம் வெளியேறியது.

"நல்லா கீது சார்" என்றார் சவுரிமுத்து. "யாரு சார் அது?"

பூவராகனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாயைத் திறந்தார்.

"அது... அடுத்த அத்தியாயத்துல."

"குடுங்க, பாத்துடலாம்."

"இன்னும் முதல் அத்தியாயத்தையே செதுக்கிக்கிட்டு இருக்கேன்."

"இதுல என்ன சந்தேகம்? அது சோழ இளவரசன்தான்" என்றார் பாலகுரு.

"உங்க ஆளு அங்க எதுக்கு வர்றான்? நடையைப் பார்த்தாலே தெரியுது, பாண்டிய ராஜகுமாரி" என்றார் ரத்தினபாய்.

"என் சுரங்கத்துல உங்க ஆளுங்களை யாரு விட்டது?" என்று பூவராகன் எழுந்தார். ஐந்து வருஷ வாய்மொழி ஒப்பந்தம் ஐந்து நிமிஷத்தில் கிழிந்தது. சோழர்கள் எத்தனை பேர், பாண்டியர்களுக்கு முத்து எங்கிருந்து வந்தது, பல்லவர்களுக்கு மீசை உண்டா என்றெல்லாம் பேச்சு போய், கடைசியில் டுடோரியலில் ஃபேன் சரியாக ஓடுவதில்லை என்பதில் வந்து நின்றது.

சவுரிமுத்துவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சண்ட சூப்பரு. இதையே போட்டியா வெச்சிடலாம் சார். குதிர கதைய மொத இதழ்ல போடறேன். உருவம் யாருன்னு தெரிஞ்சவங்க இதழ் வந்த அடுத்த ஞாயித்துக்கெழம இங்க நேரா வந்து ஆசிரியர்கிட்ட சொல்லட்டும். கரெக்டா சொன்னா ஒரு வருசம் பத்திரிகை ஃப்ரீ. சரியான விட உங்ககிட்ட கீது இல்ல?"

"இருக்கே" என்றார் பூவராகன்.

முதல் இதழ் வந்தது. அச்சில் தம் பெயரைப் பார்த்த சந்தோஷத்தை அவரால் அரை நாள்கூட அனுபவிக்க முடியவில்லை. ஞாயிறு நெருங்குகிறது, ஊரே திரண்டு வந்து கேட்கப்போகிறது, உருவம் யார்? தளபதியாக்கிப் பார்த்தார், சுரங்கம் குறுகலாகத் தெரிந்தது. இளவரசியாக்கினார், பாறையை எப்படி நகர்த்தினாள்? அந்த வாரம் ரயிலில் அவர் யாருக்கும் எதையும் படித்துக் காட்டவில்லை. தயாளன் ஒரு நாள் தாமாகவே பக்கத்தில் வந்து, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். பூவராகன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். தயாளன் பயந்துபோய் நழுவினார்.

மறுநாள் மாலை சானடோரியத்தில் வண்டி நின்றபோதுதான் அவருக்கு விடை தோன்றியது. மஃப்ளரால் மூக்குவரை மூடிய ஓர் ஆசாமி அடுத்த பெட்டியிலிருந்து இறங்கி, யாரோ துரத்துவதுபோல, குனிந்து, தூண்களுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தார். அது தயாளன் என்று நமக்குத் தெரிகிறது. பூவராகனுக்குத் தெரியவில்லை. 'ஆகா! இவன் யாரையும் வேவு பார்க்க வந்தவன் இல்லை, யாரிடமிருந்தோ தப்பித்து ஓடுகிறவன்!' என்று துள்ளினார். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒரே மூச்சில் இரண்டாம் அத்தியாயத்தை எழுதி முடித்தார். முகத்தை மூடிய உருவம் வேறு யாருமல்ல, பல்லவச் சக்கரவர்த்தியேதான். ஆஸ்தானப் புலவர் தாம் எழுதிக்கொண்டிருக்கும் காவியத்தைச் சபையில் படித்துக் காட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டுச் சுரங்க வழியாக ஓடிவந்துவிட்டார்.

அருமையான கற்பனை. எங்கிருந்து வந்தது என்று அவரே வியந்தார்.

ஞாயிறு வந்தது. டுடோரியல் வாசலில் சைக்கிள்கள், ஒரு மொபெட், செருப்புக் குவியல். சேலையூரிலிருந்து, பல்லாவரத்திலிருந்து, அனகாபுத்தூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். பூவராகன் வாசலிலேயே நின்று தலைகளை எண்ணினார். இத்தனை பேர் அந்த உருவத்துக்காக! அப்புறம்தான் பார்த்தார், எல்லார் கையிலும் ஒரு காகிதச் சுருள்.

முதலில் நின்றவர் குப்புராஜ், பஸ் கண்டக்டர். யூனிஃபாரமோடு வந்திருந்தார்.

"சொல்லுங்க, யாரு அந்த உருவம்?" என்றார் பூவராகன்.

"அது யாரா இருந்தா இன்னா சார்? நானும் ஒரு சரித்திர நாவல் எழுதிகினு கீறேன். மொத அத்தியாயம் முடிஞ்சிது. ஒரே ஒரு தபா கேட்டுடுங்க. சாயங்கால டூட்டி." பதிலுக்குக் காத்திராமல் ஆரம்பித்தார். காரிருள் கவிந்தது. யானை ஒன்று வந்து நின்றது. கோட்டைக் கதவு கிறீச்சிட்டது. வளையல் அணிந்த ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"யாரு கை?" என்று பூவராகன் தம்மை மறந்து கேட்டுவிட்டார்.

குப்புராஜ் திகைத்துக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அதான் சார், இன்னும் வரல."

அவருக்குப் பின்னால் நின்ற நர்ஸ் அம்மாள் தொண்டையைக் கனைத்தார்.

மதியத்துக்குள் பூவராகன் 'அபாரம்' என்ற சொல்லை ஆயுசுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். உருவத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒருவாறு சவுரிமுத்துவைத் தனியாக இழுத்துப் போய்ப் பையைத் திறந்தார். "எழுதிட்டேன் சார். ரெண்டாம் அத்தியாயம்."

"ரெண்டாவதா? அது எதுக்கு சார்?" சவுரிமுத்து வரிசையைக் காட்டினார். "இவங்கதான் நம்ம வாசகருங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கத வந்தா பத்து காப்பி வாங்கறேன்றாங்க. இனிமே நம்மளுது மொத அத்தியாயம் மட்டும் போடற பத்திரிகை. புதுசா மொத அத்தியாயம் எதுனா கீதா, சொல்லுங்க. மொதப் பக்கத்துலயே போடறேன்."

பூவராகன் வீட்டுக்கு வந்து, இரண்டாம் அத்தியாயத்தைப் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை மூடினார். பிறகு புதிய தாள் ஒன்றை எடுத்தார்.

சாவித்ரி காபியோடு வந்தாள். வைத்துவிட்டு வழக்கம்போலப் போகாமல் அங்கேயே நின்றாள். "ஏங்க," என்றாள் மெதுவாக, "பத்திரிகைல படிச்சேன். பரவாயில்ல, நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாளா மண்டையைக் குடையுது. அந்த முகத்தை மூடிக்கிட்டு வந்தது யாருங்க?"

"சும்மா இரு, சாவித்ரி" என்றார் பூவராகன், தலை நிமிராமல். "இங்க ஒருத்தன் ஒட்டகத்துல வந்து நிக்கிறான்."

ரெக்ஸின் பைகளின் மேல் இனி ஒரு கண் வைத்திருப்பீர்கள், நல்லது. ஆனால் இவ்வளவையும் படிக்கும்போது, 'பாவம் மனுஷன்' என்று சிரித்துக்கொண்டே, 'ஆனா என் கதை அப்படி இல்லை, என்னோட ஆரம்பம் வேற மாதிரி' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இப்போது அவசரமாக எந்த ஸ்டேஷனில் இறங்குகிறார் என்று பாருங்கள்.