மேற்குப் படியின் சாவி

பதினான்கு மாடிக் குடியிருப்பே திசைஞானியின் வாக்குக்காகத் தவம் கிடந்தது. வாராவாரம் உச்சி மாடிக் கூடத்தில் கூட்டம் நெரியும். அவர் ஒரு நூலில் இரும்புக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு ஆடினால் கெட்ட திசை. நூலைப் பிடித்த விரல்தான் ஆடியது. ஆனால் அங்கிருந்தவர்கள் படித்தவர்கள் அல்லவா, குண்டை மட்டுமே பார்த்தார்கள்!

கட்டடத்தின் இரு முனைகளிலும் படிக்கட்டு உண்டு. மேற்குப் படி குடும்பங்களைக் கீழே இறக்கிவிடும் என்று குண்டு சொல்லிவிட்டது. படிக்கட்டு வேறென்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லா மாடிகளிலும் மேற்குக் கதவைப் பூட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. அதை ஞானி தன் இடுப்பில் செருகிக்கொண்டார். தோஷத்தைக் கட்டிவைக்க அவருடைய உடம்புச் சூடு வேண்டுமாம்.

அங்கே குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக் அக்கா மட்டும் இதை எதிர்த்தார். அவர் வீடு உச்சி மாடியில், மேற்குக் கதவை ஒட்டி இருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் கணவர் ஊன்றுகோலில்தான் நடக்கிறார். தீப்பிடித்தால் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்பது அக்காவைவிட யாருக்குத் தெரியும்? கிழக்குப் படிக்குப் போக அந்த மனிதர் நடைபாதை முழுக்கத் தத்தித் தத்திப் போக வேண்டும். புகை அதுவரை பொறுத்திருக்குமா? குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் நூறு தடவை சொன்னார். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே அக்கா ஒரு சோதனை கேட்டார். தீயணைப்பு ஆட்களை வரவழைத்து, கிழக்குப் படியில் பயிற்சிப் புகையை எழுப்புவது. ஞானியைத் தவிர எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது. எதிர்காலமே தெரிந்தவருக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று அக்கா கேட்டதும், செயலாளர் பூரித்துப்போய்ச் சம்மதித்தார்.

அந்த வாரம் ஞானி குண்டை ஆட்டிக்கொண்டிருந்தபோது மணி அலறியது. கிழக்கிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. கூட்டம் அசையாமல் அவர் முகத்தையே பார்த்தது. ஞானியோ குண்டைப் போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம், நேராக மேற்குக் கதவுக்கு. இடுப்புச் சாவி வெளியே வந்தது. உள்ளே பாய்ந்தவர், வாசலுக்கு வெளியே ஊன்றுகோலோடு நின்ற அக்காவின் கணவர் முகத்திலேயே கதவை அறைந்து சாத்தினார். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. தடதடவென்ற செருப்புச் சத்தம் பதினான்கு மாடிகளையும் தாண்டிக் கீழே போய்ச் சேர்ந்தது. குடும்பங்களைக் கவிழ்க்கும் படிக்கட்டு அவருக்கு ஒரு கீறல்கூடப் போடவில்லை.

அக்கா ஸ்க்ரூடிரைவரோடு கதவின் முன் உட்கார்ந்து பூட்டைக் கழற்ற ஆரம்பித்தார். செயலாளர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவசரப்படாதம்மா. நம்ம எல்லாருக்காகவும் அந்தத் தோஷத்தை அவர் தன் தலையில வாங்கிட்டுப் போயிருக்கார்."

அக்கா திருகுவதை நிறுத்தவில்லை.

"அப்படியே இருக்கட்டும் சார். வாங்கிட்டுப் போறவரு எங்க வீட்டுக்காரர் மூஞ்சில எதுக்குக் கதவைச் சாத்தினாரு? இதையும் யார்கிட்டயாவது போய்க் கேக்காம, நீங்களே உக்காந்து யோசிச்சுப் பாருங்க."