ஆறு பூட்டும் ஒரு ஜெனரேட்டரும்

உலகத்திலேயே கரண்ட்டைக் கண்டு இவ்வளவு பயந்த மனிதர் இன்னொருவர் இருக்க முடியாது. அப்படிப்பட்டவர் வீட்டில்தான் மூன்று வகை கரண்ட் இருந்தது. கம்பத்திலிருந்து வரும் ஈபி, மொட்டை மாடியில் சோலார், பின்பக்கத் தகரக் கொட்டகையில் டீசல் ஜெனரேட்டர். மூன்றும் இருந்தும், காக்களூரில் கரண்ட் போனால் கடைசியாக ஃபேன் சுற்றுவது அவர் வீட்டில் குடியிருந்த எங்களுக்குத்தான்.

ரேஷன் கார்டில் அவருக்கு என்னவோ பெயர் இருந்தது. தெருவுக்கு அவர் ஆறுபூட்டு. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கே ஒரு வழக்கம் உண்டாம். ஒரு மெஷினைப் பிரித்து நாலு பேர் வேலை செய்தால், அதன் மெயின் சுவிட்சில் நாலு பேரும் ஆளுக்கொரு பூட்டு மாட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே கையை விடுவார்கள். எல்லாரும் வெளியே வந்து அவரவர் பூட்டைத் திறந்தால்தான் மெஷின் ஓடும். தொழிற்சாலைக்கு நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றது. மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார்.

குடிவரும் அன்று மற்ற வீட்டுக்காரர்கள் சாவி கொடுப்பார்கள். இவர் பூட்டும் சேர்த்துக் கொடுத்தார். ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்சின் கைப்பிடியில் அது தொங்க வேண்டும். நாலு குடித்தனத்துக்கு நாலு, அவருக்கு ஒன்று. ஆறாவது, சிவப்புப் பெயின்ட் அடித்தது, லைன்மேன் முத்துவுக்கு. எங்கள் லைனில் கம்பம் ஏறுகிற நாளில் முத்து முதலில் வந்து அதை மாட்டி, சாவியை எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். முத்து தலையில் அடித்துக்கொண்டே மாட்டுவார்.

ஆக, கரண்ட் போனால் எங்களுக்கு விடிவு காலம் வர ஐந்து பேர் கூட வேண்டும். மாடி பிரான்சிஸுக்கு நைட் ஷிப்ட். பகலில் அவரை எழுப்பிக் கொண்டுவந்தால், தூக்கக் கலக்கத்தில் பீரோ சாவியைப் பூட்டில் விட்டுக் குடைந்துகொண்டிருப்பார். ஒருமுறை பக்கத்து போர்ஷன்காரர்கள் திருப்பதி போனபோது சாவியும் அவர்களோடு தரிசனத்துக்குப் போய்விட்டது. லட்டு வந்த பிறகுதான் எங்களுக்கு வெளிச்சம் வந்தது.

நானும் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் சார், வெயில் இந்தப் போடு போடுது. மேல அவ்ளோ பேனல் வெச்சிருக்கீங்க. ஃபேன் ஏன் சார் ஓடல?"

"ஈபி போச்சுன்னா சோலார் தானா நின்னுடும் சார். கம்பத்துல ஆள் இருப்பான்ல."

"அப்ப ஜெனரேட்டரையும் சோலாரையும் ஒண்ணா ஓட்டுங்களேன். டீசலாவது மிச்சமாகும்."

கொலைகாரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"ஜெனரேட்டர பாத்து ஈபி வந்துச்சுன்னு நெனச்சுக்கினு சோலார் முழிச்சுக்கும் சார். நாம செலவு பண்ணாத கரண்ட ஜெனரேட்டர் வாயிலயே தள்ளும். அது முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம பொகைஞ்சு பூடும். அதான் சோலார ஈபி பக்கமே கட்டி வெச்சிருக்கேன். கைப்பிடிய இந்தாண்ட திருப்புனா அது தனி, இது தனி."

இந்தப் பாடத்தை மாதாமாதம் வாடகை வாங்கும்போது புதிதாக நடத்துவார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுவிடலாமா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் மகளின் வளைகாப்பன்று நடந்ததைச் சொல்கிறேன். முதல்நாள் மழையில் எங்கோ மரம் விழுந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை. வீடு நிறைய ஜனம். கைநிறைய வளையலோடு மகள் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தாள். டேங்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சம்பந்தியம்மாள் பத்திரிகையால் விசிறிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஓடினேன். ஐந்து பூட்டும் திறந்தாயிற்று, பிரான்சிஸ் உட்பட. சிவப்புப் பூட்டு மட்டும் தொங்கியது. முத்துவைக் காணோம். எங்கள் வீட்டுக் கம்பத்திலும் ஆள் இல்லை.

"முத்து செவ்வாப்பேட்டைல ஊட்டுக்கு நாஷ்டாவுக்குப் போயிருப்பான், சாவி அவன் பாக்கெட்ல இருக்கும்" என்றார் பிரான்சிஸ்.

"சாவி வர்ல. ஆள் இன்னும் லைன்லதான் கீறான்னு அர்த்தம்" என்றார் ஆறுபூட்டு.

என் மச்சான் கோபி சும்மா இருக்கிற பிறவி இல்லை. எங்கிருந்தோ ஒரு ஒயரோடு வந்தான். இரண்டு முனையிலும் பிளக்.

"சுவிட்சத் தொடவே வேணாம் மாமா. ஒரு பக்கம் ஜெனரேட்டர்ல, இன்னொரு பக்கம் சமையல்கட்டு பாயின்ட்ல. வேலை முடிஞ்சுது."

எனக்கு அந்த நிமிடம் கோபி கடவுளாகத் தெரிந்தான். ஆறுபூட்டுவின் முகம்தான் வெளுத்துவிட்டது. விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜெனரேட்டர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எறங்குங்க பெரியவரே, பேஜார் பண்ணாதீங்க" என்றான் கோபி.

"ஊட்டு சுவிட்சு இன்னும் ஈபி பக்கம் கீது. இத்த சொருவுனா கரண்ட் உன் அக்கா பொண்ணு ஃபேனுக்கு மட்டுமா போவும்? வந்த வழியாவே ரோட்டு லைனுக்குப் போவும். அங்க கை வெச்சவன் இன்னா ஆவான்?"

"அங்கதான் யாருமே இல்லியே சார்" என்று நான் கத்தினேன். "என் பொண்ணு உள்ள மயக்கம் போட்டு விழுந்துருவா போல இருக்கு. உங்களுக்குப் பூட்டுதான் பெருசா?"

சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். மனிதர் இரண்டு கையாலும் ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முத்து வந்தார். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து, முழங்கால்வரை சேறு, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏரிக்கரை கம்பத்துல கம்பி அறுந்துபோச்சு நைனா. இப்பதான் எறங்கறேன். இதே லைனுதான்" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துச் சிவப்புப் பூட்டைத் திறந்தார். திரும்பும்போது கோபியின் கையிலிருந்த ஒயர் கண்ணில் பட்டது. ஒரு முனையைப் பார்த்தார். மறுமுனையைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு சார் இது?"

கோபி ஒயரைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். சற்று நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றியது, மோட்டார் ஓடியது. ஆறுபூட்டு இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "கை கழுவிக்கினு வா முத்து, சாப்புடலாம்" என்றார். முதல் பந்தியில் முத்துவுக்குச் சம்பந்தியம்மாளே பாயசம் ஊற்றினார்.

பிறகு நான் சோழவரத்தில் சொந்தமாக வீடு கட்டினேன். சோலாரும் உண்டு, ஜெனரேட்டரும் உண்டு. புதுமனை புகுவிழாவுக்கு ஆறுபூட்டு வந்தார். சேஞ்ச் ஓவர் சுவிட்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பரிசாக ஒரு பூட்டைத் தாமே மாட்டினார். சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

என் வீட்டு ஜெனரேட்டரைப் போட, காக்களூரிலிருந்து அவர் வர வேண்டும். இந்தக் கொடுமையை நான் யாரிடம் சொல்வேன்? ஒரு ரம்பம் இருந்தால் பூட்டை அறுத்து எறிய எவ்வளவு நேரமாகும் என்று கோபி இன்றும் கேட்கிறான். போன வாரம் காற்றில் கரண்ட் போனது. நான் அவருக்கு ஃபோனைப் போட்டேன். என் மனைவி காபிக்கு இன்னொரு டம்ளர் எடுத்து வைத்தாள்.