அம்மாவுக்கும் தலெந்தாவுக்கும் நடுவில்

கல்யாணமான மறுவாரமே ஒரு தீர்மானம் எடுத்தேன். என் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை என்பதே இருக்காது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் தோற்ற இடம்தான். ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. ஒருத்தி சொல்வது மற்றவளுக்கு என் வழியாகத்தான் போயாக வேண்டும்.

என் மனைவி தலெந்தாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. துனிஸ் நகரத்துப் பள்ளியில் சைகை மொழியும் தையலும் படித்தவள். நிச்சயமான ஆறு மாதத்தில் நான் அவளிடமே சைகை கற்றுக்கொண்டேன். அம்மா மறுத்துவிட்டாள். இந்த வயதில் காற்றில் கை வீச ஆரம்பித்தால் மஹ்தியா ஊரே சிரிக்கும் என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவது. அம்மா முற்றத்தில் நின்று கத்தினால் துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களுக்கெல்லாம் கேட்கும். எதிரே நிற்கும் தலெந்தாவுக்கு மட்டும் கேட்காது. உதட்டைப் பார்த்து அவள் கொஞ்சம் புரிந்துகொள்வாள்தான். ஆனால் கத்தும்போது உதடு கோணிக்கொள்ளும். அம்மாவுக்கு முன்பல் இரண்டும் வேறு இல்லை.

ஆக, நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். தபால் ஆபீஸில், வந்த கடிதத்தைப் பிரிக்காமல் கொடுப்பது என் உத்தியோகம். வீட்டில் எதையும் பிரிக்காமல் கொடுத்ததில்லை.

அம்மா ஒரு வாய் கூஸ்கூஸ் தின்றுவிட்டு, "கடலையே இறக்கி வெச்சிருக்கா, இவ்வளவு உப்பு" என்பாள். இந்த மாதிரி சாப்பிட்டதே இல்லையாம் என்று நான் சைகை காட்டுவேன். மிச்சப் பல்லும் விழுந்தால் நிம்மதி என்று தலெந்தா கை காட்டுவாள். அல்லா உனக்கு நீண்ட ஆயுள் தரட்டுமாம் என்று அம்மாவிடம் சொல்வேன். வீட்டில் அப்படி ஓர் அமைதி.

அமைதி வந்ததும் ஆசை வந்தது. என் சிநேகிதன் மோங்கி சின்னப் படகு ஒன்று வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு கணவாய் மீன் பிடிக்கப் போக வேண்டும். அம்மாவிடம், தலெந்தாவுக்குத் தையல் நூல் வாங்க மொனஸ்தீர் போகிறேன் என்றேன். தலெந்தாவிடம், ஊர்க்கோடியில் காய்ச்சலில் கிடக்கும் பெரியம்மாவைப் பார்த்து வர அம்மா அனுப்புகிறாள் என்றேன். இரண்டு வருஷமாகப் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை.

ஒரு ஞாயிறு காற்று பலமாக வீசியது. படகு இறங்கவில்லை. காலை பத்து மணிக்கே வீடு திரும்பிவிட்டேன்.

சமையற்கட்டில் இருவரும் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அம்மாவின் கைகள் பேசிக்கொண்டிருந்தன. மெதுவாக, பாதி தப்பாக. தலெந்தா அவள் விரலைப் பிடித்துத் திருத்த, அம்மா மறுபடி காட்டினாள். இவன் பெரியம்மா சூஸா நகரத்துக்குக் குடிபோய் எட்டு மாசம் ஆகிறதே, யாருக்குக் காய்ச்சல் பார்க்கிறான்? இவன் வாங்கிய நூலையெல்லாம் சேர்த்தால் ஆப்பிரிக்காவையே சுற்றிக் கட்டலாம் என்றாள் தலெந்தா. அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள். தலெந்தா தோள் குலுங்கச் சிரித்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டேன். கை அவர்களுடையது. களவு என்னுடையது.

தரையில் காலைத் தட்டினேன். அதிர்வு தெரிந்து தலெந்தா திரும்பினாள். அம்மா கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

அம்மா இன்னொரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். பிறகு சொன்னாள். முதல் வருஷம் ஆபீஸ் என்னை மூன்று மாதம் காபெஸ் ஊருக்கு அனுப்பியிருந்தது. அப்போதுதான் தலெந்தாவுக்கு முதல் கரு கலைந்தது. வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். தலெந்தா சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அம்மா கத்திப் பார்த்தாள். அப்புறம் கத்துவதை விட்டுவிட்டு, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்து, அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். தலெந்தா அந்த விரல்களைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த முதல் வார்த்தை, 'வலிக்குதா'.

நான் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லலாம்னுதான் இருந்தோம். நீ ஊர்லேருந்து வந்து எல்லாத்தையும் மாத்தி மாத்திச் சொன்னியா, பாக்க நல்லா இருந்துச்சு. விட மனசில்ல. நீ என்ன சொல்றேன்னு பாக்கவே உப்பு சரியா இருந்த அன்னிக்கும் கரிக்குதுன்னு சொன்னேன்."

தலெந்தா அம்மாவைப் பார்த்து வேகமாக, நீளமாக ஏதோ காட்டினாள். ஒரு சைகைகூட எனக்குப் பிடிபடவில்லை. எல்லாம் அந்தச் சமையற்கட்டில் அவர்களே உண்டாக்கிக்கொண்டவை. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன சொல்கிறாள் என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெகு பணிவாகச் சொன்னாள்: "உன்னை மாதிரி புருஷன் கிடைக்க அவ குடுத்து வெச்சிருக்கணுமாம்."

அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்று உண்மையில் என்ன சொன்னாய் என்று தலெந்தாவிடம் இன்றைக்கும் கேட்கிறேன். நான் கையைத் தூக்கியதுமே அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.