பெட்டி மாறிய ரிவால்வர்

வீட்டு நிம்மதியின் விலை எழுநூற்று இருபது டாலர். மொன்டானாவில், கஸ்ஸின் துப்பாக்கிக் கடையில், வெண்டல் அதைக் கண்ணாடி வழியாகவே பார்த்தான்: இருநூற்று முப்பதுக்கு ஒரு ரிவால்வர், பக்கத்தில் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு இன்னொன்று. மனைவி ஆர்லீன் கொடுத்தனுப்பியது இருநூற்று முப்பது.

"ரெண்டுலயும் ஆறு குண்டுதானே கஸ்?"

"எல்லாக் காருக்கும் நாலு சக்கரம்தான். விசையை இழுத்துப் பாருய்யா."

மலிவானது துருப்பிடித்த கேட்டைப் போல முரண்டு பிடித்தது. உசத்தியை இழுத்ததே விரலுக்குத் தெரியவில்லை.

மூன்று வருட ரகசியச் சேமிப்பை வெண்டல் எடுத்து வைத்தான். "உசத்தியைக் குடு. ஆனா மலிவோட பெட்டியில போட்டுக் குடு."

வீட்டில் ஆர்லீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருநூத்தி முப்பதுக்கா இது?"

"கஸ் நமக்குப் பழகினவனாச்சே."

"அப்போ என் தம்பி டெல்லுக்கும் ஒண்ணு வாங்கிடு. கிறிஸ்துமஸுக்கு நாம குடுத்த மாதிரி இருக்கும்."

மச்சானுக்கு நிஜமான மலிவையே தள்ளிவிடலாம்தான். ஆனால் கிறிஸ்துமஸ் விருந்து செரிக்க, கொல்லையில் காலி டப்பாக்களை அடுக்கிச் சுடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். டெல் இரண்டையும் கையில் வாங்கிப் பார்க்காமல் விடமாட்டான்.

வெண்டல் படகு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனான். கஸ் அதை எழுநூற்று இருபதுக்கு எடுத்துக்கொண்டான்.

"இதுக்கு உண்மையைச் சொல்லித் தொலைக்கலாமே?"

"நீ கல்யாணம் பண்ணிக்க. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு."

இரண்டாவது பெட்டியையும் ஆர்லீன் சிரித்த முகமாக வாங்கி வைத்தாள். ஒரு வாரம் கழித்து மறுபடி இருநூற்று முப்பதை நீட்டினாள்.

"எங்கப்பா மட்டும் என்ன பாவம் பண்ணினார்?"

வெண்டல் தன் குதிரைச் சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்குள் நுழைந்தான்.

"இதுக்கு எவ்வளவு தருவே?"

கஸ் சேணத்தைத் தொடவே இல்லை.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்யா. ரெண்டாவது துப்பாக்கியை ஆர்லீன் மறுநாளே திருப்பிக் குடுத்துட்டு, உன் மோட்டாரையும் தன்னோட இருநூத்தி முப்பதையும் வாங்கிட்டுப் போயிட்டா. முதல் துப்பாக்கியில போன எழுநூத்தி இருபது உன் பொறந்தநாள் பரிசாம், நீ சொன்ன பொய்க்குக் கணக்குதான் இன்னும் பாக்கியாம்."