வாய்க்கு ஒன்று, தலைக்கு எட்டு

பொய் சொல்லவும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது இல்லை என்பது, ஸ்காபரோவில் ஆங்கில மட்டம் பார்க்கும் தேர்வுக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

கனடாவுக்கு வந்து ஏழு மாதம். கணவர் வேலைக்குப் போனதும் பேஸ்மென்ற் வீட்டில் நானும் இரண்டு வயது ஆரனும்தான். நாள் முழுக்க நான் கதைத்த ஒரே மனிதன் அவன். அவனுக்கோ பதினைந்து சொற்கள்தான் தெரியும். பிள்ளை பராமரிப்போடு ஒரு காலை வகுப்புக் கிடைக்காவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும் போலிருந்தது.

மேல்வீட்டு ரீற்றா அக்காதான் வழி சொன்னார்.

"உன்ர இங்கிலீசை அங்க காட்டிப்போடாதை. நல்லாக் கதைச்சியெண்டால் மேல் லெவலிலை தூக்கிப் போட்டிடுவினம். அது பின்னேர வகுப்பு, பிள்ளையை ஆர் பாக்கிறது? ஒண்டும் தெரியாத மாதிரி இரு. ரெண்டாம் லெவல் எண்டால் காலமை. பிள்ளையையும் பாப்பினம்."

(அக்கா இரண்டாம் லெவலில் மூன்று வருடமாகக் குடியிருப்பவர். அனுபவசாலி!)

கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் ஆறு வருடம் ஆங்கிலக் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள், பஸ்ஸில் போகும்போதே திருதிருவென்று முழிக்கப் பழகிக்கொண்டு போனேன்.

தேர்வாளர் நரைத்த தலையும் சங்கிலி கோத்த கண்ணாடியுமாக இருந்தார். ஒரு படத்தைக் காட்டினார். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, ஒரு பெண் போனில் கதைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இங்கே என்ன நடக்கிறது?"

"மில்க்," என்றேன். கொஞ்சம் யோசித்து, "போன்," என்றேன்.

அவள் யாரோடு கதைக்கிறாள், என்ன வம்பு என்பதுவரை என்னிடம் ஒரு பக்கம் தயாராக இருந்தது!

முன்பு வேலை செய்தீர்களா என்று கேட்டார். "நோ." (கர்த்தரே, மன்னியும்.)

அரை மணிநேரம் அந்த மனுசி அவசரப்படவில்லை. மொழி தெரியாதவர்களிடம் சிலர் கத்துவதுபோலக் கத்தவும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு அவர் கதவைத் திறந்து, வெளியே இருந்த பெண்ணிடம் மளமளவென்று ஆங்கிலத்தில் சொன்னார்: "இரண்டாம் லெவலில் பிள்ளைகளுக்கு இடம் முடிந்துவிட்டது. எட்டாம் லெவல் காலை வகுப்பில்தான் ஒரேயொரு பிள்ளைக்கு இடம் இருக்கிறது. அதற்குத்தான் ஆளில்லை."

நான் எழும்பிவிட்டேன்.

"எக்ஸ்கியூஸ் மீ, மேடம்! அந்த இடத்தை வேறு எவருக்கும் வழங்குமுன், என் மகனின் விண்ணப்பத்தைத் தயவுகூர்ந்து கருத்திற்கொள்வீர்களா?" என்று கப்பல் கம்பனிக் கடிதம் ஒன்றையே ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

ஐயோ! நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அது மூன்றாம் மாடி. பிளந்திருந்தாலும் இரண்டாம் மாடிக்குத்தான் போயிருப்பேன்.

அவர் அமைதியாகத் திரும்பி வந்து, புதிய படிவம் ஒன்றை எடுத்தார்.

"உங்கள் வாய்க்கு முதலாம் லெவல். தலைக்கு எட்டாம் லெவல். நான் கேள்வியை முடிக்கமுதலே அது ஓம், ஓம் என்று ஆடிக்கொண்டிருந்தது. இனி அந்தப் பாலுக்கு என்ன நடந்ததென்று சொல்லுங்கள்."

சொன்னேன். வம்பு உட்பட முழுவதும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அடுத்த திங்கள் நானும் ஆரனும் எட்டாம் லெவலுக்குப் போனோம். அதே திங்கள் ரீற்றா அக்காவின் வகுப்பில் இரண்டு தாய்மார் கைப்பிள்ளைகளோடு புதிதாகச் சேர்ந்தார்களாம். இடம் முடிந்துவிட்டது என்று அந்தத் தேர்வாளர் சொன்னாரே! என்னைக் கதைக்க வைக்கத்தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கிறார். என்ன கெட்டிக்காரி! பொய்க்காரி என்று ஒரு பார்வைகூடப் பார்க்காமல் என் பொய்யை உரித்துவிட்டார். அந்த எட்டாம் லெவல் வகுப்பால்தான் எனக்கு இங்கே முதல் வேலை கிடைத்தது. அவரை நினைக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இப்போது ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் சொந்த வீடு. ஆரனுக்குப் பதினான்கு வயது. அவன் சிநேகிதர்களோடு போனில் குசுகுசுவென்று ஆங்கிலத்தில் கதைக்கும்போது, ஒன்றும் விளங்காதவள்போல நான் பக்கத்தில் நின்று உடுப்பு மடிப்பேன்.

அவன் திரும்பியும் பார்க்கமாட்டான்.

"அம்மா, ப்ளீஸ். தலை ஆடுது."