குளிரைக் கண்ட 'கிளவுஸ்' அண்ணன்

வடசென்னையில் குளிரை நேரில் பார்த்த ஒரே மனிதர் எங்கள் 'கிளவுஸ்' அண்ணன்தான். மற்றவர்களெல்லாம் அதைக் கேள்விப்பட்டதோடு சரி.

ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிறு விடிந்தால் எண்ணூர் கழிமுகத்துக்குப் பறவைகளைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவார். பைக்கில் பின்சீட்டு எனக்கு. மார்கழியில் ஊரே ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்கும்போது இவர் மட்டும், "வெரலு ஐஸ் கணக்கா கீது மாமு" என்று நடுங்குவார்.

முதல் வைத்தியம், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வாங்கிய வெல்டர் கையுறை. முழங்கை வரை தோல். அன்று பூநாரைகள் வெகு அருகில் நின்றன. அண்ணன் பட்டனை அமுக்கினார். அதாவது, அமுக்கியதாக நினைத்தார். கையுறையைப் பல்லால் கடித்து உருவுவதற்குள் பூநாரைகள் பழவேற்காடு போய்ச் சேர்ந்திருந்தன.

அடுத்து, பேண்ட் பாக்கெட்டில் சுடச்சுட அவித்த முட்டைகள். மீன்கொத்தி ஒன்றைப் பார்த்துச் சட்டென்று குந்தினார். 'பொத்' என்றது.

"இன்னாண்ணே சத்தம்?"

"ஒண்ணியும் இல்ல. முட்டை பூட்ச்சு."

அதன்பின் அன்று நாங்கள் பறவைகளைத் தேடவே இல்லை. பருந்துகள் அவரைத் தேடி வந்தன.

கடைசியில் கைகொடுத்தது உப்பு. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். விரல் நுனி வெட்டிய பழைய சாக்ஸ் கையில். அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. "வூட்ல கீற உப்பெல்லாம் இவரு பாக்கெட்டுல. கொயம்புல இன்னாத்த போட்றது, இவரு கையையா?"

இத்தனைக்கும் அவருக்கு ஒரே ஒரு ஆசை. இமயமலையில், உடம்பெல்லாம் மயில்கழுத்து நிறத்தில் மின்னும் ஒரு காட்டுக்கோழி இருக்கிறது. அதைப் படமெடுக்க வேண்டும். வருடக்கணக்காக செல்போன் திரையில் அதுதான். சாமி படத்தைக்கூட எடுத்துவிட்டு அதை வைத்திருந்தார்.

போன குளிர்காலத்தில் இருவரும் ரயிலேறினோம். பனிச்சரிவில் விடியற்காலையிலிருந்து காத்திருந்தோம். உள்ளே கம்பளி வைத்த என் புத்தம்புதுக் கையுறையை லென்ஸ் மாற்றுவதற்காகக் கழற்றினேன். வழுக்கிக்கொண்டு பள்ளத்தாக்கில் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் வெளுத்தன. கிள்ளிப் பார்த்தேன், தெரியவில்லை.

"அண்ணே, என் வெரலு இருக்கான்னே தெரியல."

அவர் திரும்பிய அதே நொடியில் புதருக்குள்ளிருந்து அந்தக் கோழி வெளியே வந்தது. திரையில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு அழகு.

அண்ணன் அதைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கேமராவைப் பனியில் போட்டுவிட்டு, ஜாக்கெட்டைத் திறந்து என் இரண்டு கைகளையும் தன் அக்குளில் செருகி இறுக்கிக்கொண்டார். கட்டிப்பிடித்து நிற்கும் இரண்டு ராயபுரத்து ஆம்பிளைகளைக் கோழி நிதானமாகப் பார்த்தது. பிறகு பறந்துபோனது.

"படம் போச்சேண்ணே!"

"கம்முனு நில்லு நைனா. கோயி நாளைக்கும் வரும். வெரலு போனா வருமா?"

கோழி வரவில்லை. ஊர் திரும்பியதும் டீக்கடையில் எல்லோரும் படத்தைக் கேட்டார்கள். "எங்கப்பா? குளுர்ல கை நடுங்கி ஷேக் ஆயிட்ச்சு" என்றார். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

என் பெயரை மட்டும் அவர் எடுக்கவே இல்லை.