செண்பகவல்லிக்கு வந்த சைக்கிள் முகம்

ஒரு காட்டில் சைக்கிள் புதிதாக வந்திருந்த நேரம். முதலில் வந்ததற்கு மிதிகட்டையே கிடையாது. உட்கார்ந்தபடி காலால் தரையை உந்த வேண்டும். அடுத்து வந்ததில் முன்சக்கரம் மட்டும் ஆளுயரம். குரங்குகள் ஏறின, இறங்கத் தெரியாமல் அடுத்த காடுவரை போயின. கடைசியில்தான் இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, காற்றடைத்த ரப்பரோடு ஒன்று வந்தது. அதை முதலில் வாங்கியவள் செண்பகவல்லி என்ற புள்ளிமான்.

குளத்துக்குப் போகும் வழியில் உக்கிரபாண்டி என்ற புலி படுத்திருப்பான். அவன் எழுந்து சோம்பல் முறிப்பதற்குள் செண்பகவல்லி சைக்கிளில் போய்த் தண்ணீர் குடித்துத் திரும்பிவிடுவாள். மற்ற மான்களும் சைக்கிள் வாங்கின. புலி இளைத்தான். அவன் மிச்சம் வைப்பதைத் தின்று பிழைத்த கழுதைப்புலி டாக்டரும் இளைத்தார்.

ஒரு நாள் மரத்துக்கு மரம் நோட்டீஸ்: "பெண்கள் சைக்கிள் மிதித்தால் 'சைக்கிள் முகம்' என்ற நோய் வரும். கண் பிதுங்கும். தாடை கோணும். பார்ப்பவருக்கும் தொற்றும். இப்படிக்கு, டாக்டர்."

மாமியார் மான் அலறியது. "வேண்டாம்மா! உன் நாத்தனாருக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. உன் மூஞ்சி கோணிப்போனா யாரு பொண்ணு கேட்டு வருவா?"

"புலி வயித்துக்குள்ள போனா மட்டும் மூஞ்சி நேரா இருக்குமா அத்தே?"

வாய் பேசிவிட்டாளே தவிர, உள்ளூரப் பயம்தான். மறுநாள் மேட்டில் மூச்சு முட்ட மிதிக்கும்போது செயின் கழன்றது. நிமிர்ந்தால், எதிரே புலி! பயத்தில் அவளுக்குக் கண் பிதுங்கியது. தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஐயோ, கிட்ட வராதே தாயி! எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க!" என்று கத்தியபடி புலி ஓடினான். அந்த நோட்டீஸைப் போடச் சொன்னதே அவன்தான். அச்சில் பார்த்ததும் நம்பிவிட்டான்.

செண்பகவல்லி நேராக டாக்டரிடம் போனாள். "எனக்குச் சைக்கிள் முகம் இருக்குன்னு எழுதிக் கொடுங்க."

"உனக்கு ஒண்ணுமே இல்லையேம்மா!"

"அப்போ நோட்டீஸ் பொய்யா டாக்டர்?"

டாக்டர் எழுதி முத்திரை குத்தினார்.

அந்தக் காகிதத்தைக் காட்டினாலே புலி ஓடுவான் என்று தெரிந்ததும், மத்தியானத்துக்குள் மான்களின் வரிசை குளக்கரை வரை நீண்டது. பாதிப்பேருக்குச் சைக்கிளே கிடையாது. மாமியார் முண்டியடித்து முன்னால் வந்து, "எனக்கு முத்தின கேஸுன்னு போடுங்க" என்றது. ஆளுக்கொரு கூடை கிழங்கு கொடுத்ததில் டாக்டர் சைவமாகிவிட்டார்.

வரிசையின் கடைசியில், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு புலி நின்றிருந்தான். "எனக்குத் தொத்தலைன்னு ஒரு சர்டிபிகேட் வேணும் டாக்டர்."

"அதுக்குத் தனி ஃபாரம். ரெண்டு மான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார் டாக்டர், கிழங்கை மென்றபடி.

நீதி: திடகாத்திரமாக இருங்கள், அப்படி இல்லையென்று முத்திரை குத்திய காகிதம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.